கையை எடுத்த பிறகு

ஆடுகிறது. உட்கார்ந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன், விமானத்தின் வால்சிறகுக்குப் பின்னால் கீலில் தொங்கும் அந்தத் தகடு ஆடிக்கொண்டேயிருக்கிறது, மேலே இரண்டு விரற்கடை, கீழே இரண்டு விரற்கடை, மேடையில் மைக்கைப் பிடித்தவன் சொல்வதற்கெல்லாம் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டும் வட்டச் செயலாளர் மாதிரி. கரிசல் மண் பெற்றெடுத்த முதல் வானூர்தி என்கிறான் அவன். மண்ணாவது பெற்றெடுப்பதாவது. விஜயரங்கனின் லாரி பாடி கட்டும் பட்டறை பெற்றது, பிரசவம் பார்த்தது நான், மூன்று வருஷம், இந்த வெயிலில், ஒரு ஸ்க்ரூ பத்திரமாக இருக்க வேண்டுமென்றால் அதன்மேல் திருநீறு வைத்தால் போதும் என்று நம்புகிறவர்களோடு. தலைமை விருந்தினர் ஒன்பதரைக்கு வருவார் என்றார்கள், மணி பத்தேகால், விஜயதசமி நல்ல நேரம் போய்விடும் என்று விஜயரங்கன் மூன்று தடவை வாட்சைப் பார்த்துவிட்டார், தங்க வாட்ச், ஐந்து நிமிஷம் வேகமாக ஓடும், அதையும் அவர் திருத்தமாட்டார். பிளாஸ்டிக் நாற்காலியின் ஒரு கால் மண்ணில் இறங்குகிறது. போர்க்காலத்தில் வெள்ளைக்காரன் போட்டுவிட்டுப்போன ஓடுதளம் இது, அவன் போனபின் எழுபது வருஷம் இதில் மிளகாய் காயப்போட்டார்கள், இன்றும் காற்றடித்தால் கண் எரிகிறது. பந்தலுக்கு அந்தப்பக்கம் மாலை போட்டுக்கொண்டு நிற்கிறது விமானம், மூக்கில் சந்தனம், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். தகடு ஆடுகிறது. போன வாரம்வரை ஆடாது. எங்கே தள்ளி வைத்தோமோ அங்கேயே நிற்கும். சரி, எண்ணெய் போட்டிருக்கிறார்கள், ஆடுகிறது, அவ்வளவுதானே, அதையே பார்த்துக்கொண்டிருக்க என்ன இருக்கிறது, வேறு எங்காவது பார்.

வேறு எங்கே பார்க்க. முன்வரிசையில் வர்த்தக சேம்பர் ஆட்கள், வந்ததும் என்னைக் கேட்டார்கள், சார் இந்த ரெக்கைதானே தூக்குது, அப்ப வால் எதுக்கு, அழகுக்கா. சிரித்தேன். இருபத்திரண்டு வருஷம் கன்சாஸில் சோளக்காட்டு நடுவே அந்த ஒரு கேள்விக்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். தூக்குவதை எந்தக் கழுதையும் செய்யும், பலகையைச் சாய்த்துக் காற்றில் காட்டினால் பலகையும்கூடத் தூக்கும். தூக்கினபின் மூக்கு நிமிர்ந்துவிட்டதென்றால் அதை மறுபடி குனியவைப்பது யார்? அதற்குத்தான் அத்தனை நீளக் கம்பின் கடைசியில் அந்தச் சின்னச் சிறகு. மூக்கு நிமிர்ந்தால் வால் தன் பங்குக் காற்றை வாங்கிக்கொண்டு மேலே வரும், மூக்கு இறங்கும். மூக்கு குனிந்தால் வால் அமுங்கும், மூக்கு ஏறும். யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம், தானே செய்யும். ஆனால் எடையெல்லாம் பின்னால் போய்விட்டால் அந்த வாலுக்குப் பிடிமானம் குறையும், இன்னும் கொஞ்சம் பின்னால் போனால் நிமிர்ந்த மூக்கு நிமிர்ந்துகொண்டே போகும். இதை இவர்களிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மாட்டுவண்டியில் பின்பாரம் ஏற்றினால் நுகத்தடி எழும்பி மாட்டின் கழுத்தை நெரிக்கும் என்று தெரிந்த பயல்களுக்கு இதுமட்டும் ஏன் புரியாது, புரிந்துகொள்ள விருப்பமில்லை. விருந்தினர் வேலாயுதசாமி, மில் முதலாளி, அவரை இன்று பின்சீட்டில் வைத்து ஒரு சுற்று சுற்றிக்காட்ட வேண்டும், அப்போதுதான் அடுத்த நாலு விமானத்துக்கு அவர் கூட்டுச் சேருவார். எடை என்ன என்று கேட்டனுப்பினேன், மில்லில் பஞ்சுப்பொதி நிறுக்கும் தராசில் ஏறி நின்று நூற்றுப்பன்னிரண்டு கிலோ என்று பதில் அனுப்பினார், பொதியைவிட இவர் கொஞ்சம் இளைப்பு என்று அந்த எடைக்காரன் சிரித்திருப்பான். இது ஒருவர் பின்னால் ஒருவர் உட்காரும் விமானம். பின்சீட்டில் இதுவரை பறந்த ஒரே ஆள் நான், ஐம்பத்தெட்டு கிலோ. கணக்குப் போட்டாயிற்று. நூற்றுப்பன்னிரண்டும் தாங்கும், கையெழுத்தும் போட்டாயிற்று. வாலைக் குறைத்த பிறகும் தாங்கும். வாலைக் குறைத்தது ஏன் என்று இந்த சேம்பர்காரர்கள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், விஜயரங்கனின் லாரிக்கு எட்டடி அகலம், வால்சிறகு அதைவிட இந்தப் பக்கம் ஒரு சாண் அந்தப் பக்கம் ஒரு சாண் நீட்டிக்கொண்டிருந்தது, லாரியில் ஏற்றும்போதெல்லாம் கழற்றி மாட்ட வேண்டியிருந்தது. லாரிக்குத் தகுந்தபடி விமானத்தை வெட்டின ஒரே மனிதர் உலகத்தில் இவராகத்தான் இருக்கும். வெட்டலாமா சார் என்று என்னைத்தான் கேட்டார். நான் சோதனை அட்டவணையைப் பார்த்தேன், விமானி கையில் பிடிக்கும் ஸ்டிக் நன்றாகக் கனக்கிறது, கனத்தால் வாலுக்குப் பலம் என்று அர்த்தம், வாலில் மிச்சம் இருக்கிறது, வெட்டலாம் என்றேன்.

ஆடுகிறது, பார், இப்போது காற்றே இல்லை, ஆனாலும் ஆடி அடங்குகிறது. பூதத்தானின் வேலை. நேற்று ஆயுத பூஜை. அவருக்கு ஐம்பத்தாறு வயது, சங்கிலிபூதத்தான் முழுப்பெயர், முப்பது வருஷம் பஸ் டிப்போவில் மெக்கானிக், விமானத்தையும் வண்டி என்றுதான் சொல்வார். முந்தாநாளே சொல்லிவிட்டார், பூஜைக்கு முன்னால் வண்டியை அழுக்கோடு வைக்கக்கூடாது சார் என்று, நேற்று விடிந்ததும் வயிற்றுப்பக்கப் பலகையைக் கழற்றி, ஸ்டிக்கிலிருந்து வாலில் அந்தத் தகடுவரை போகும் கேபிளை அவிழ்த்து, கப்பி கப்பியாக எடுத்து மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்து, எண்ணெய் விட்டு மாட்டினார். ஒவ்வொரு கப்பிக்கும் ஒரு குங்குமப் பொட்டு. எனக்குச் சிரிப்பாக வந்தது, இரண்டு வருஷமாக எந்தப் பராமரிப்புப் பட்டியல் போட்டுக்கொடுத்தாலும் ஒட்டிவைத்துவிட்டு மறந்துபோகிறவர்கள், சாமிக்கு என்றால் கேபிளைக்கூடக் கழற்றிவிடுகிறார்கள். கரிசல் தூசி சார், கப்பியெல்லாம் கல்லாட்டம் இறுகிக் கெடந்துச்சு, என்றார். நான் காதில் வாங்கவில்லை. அல்லது வாங்கினேன். என்னுடைய சோதனை அறிக்கையைக் கொண்டுபோய்த் தாம்பாளத்தில் சுத்தியல், ஸ்பானர், ரசீதுப் புத்தகம், இவற்றோடு சேர்த்து வைத்துச் சந்தனம் தடவினார்கள், பூஜையில் வைத்த ஏட்டை அன்றைக்குப் பிரிக்கக்கூடாது என்றார்கள், எனக்கு அதில் ஒரு சின்ன நிம்மதி இருந்தது, ஏன் நிம்மதி என்று நான் அப்போது என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. இன்று காலை ஆறரைக்கு ஜெசிந்தா தனியாக ஒரு வட்டம் பறந்துவிட்டு வந்தாள். தூத்துக்குடிக்காரி, அப்பாவுக்கு விசைப்படகு, ஏதோ ஒரு பயிற்சிக் கிளப்பில் பிள்ளைகளுக்குப் பறக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவளை விஜயரங்கன் பிடித்துக்கொண்டு வந்தார். இறங்கினதும் நேராக என்னிடம் வந்தாள். “சார், ஸ்டிக்ல பிடியே இல்ல சார். சுக்கான்னா கையோட பேசணும். இது ஊமையாட்டம் இருக்கு.” நேற்று எண்ணெய் போட்டிருக்கிறது, இலேசாகத்தான் இருக்கும், அதைக் குறையென்று சொல்கிற முதல் விமானி நீங்கள்தான் என்றேன். அவள் விடவில்லை. “எண்ணெ போட்டா கனம் குறையும் சார். காணாமயா போகும்?” படகு வேறு விமானம் வேறு ஜெசிந்தா, என்றேன். அந்தப் பெயரை நான் சொன்ன விதம், ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி, இப்போது காதில் விழுகிறது. அவள் சரி சார் என்று போய்விட்டாள். இப்போது முன்சீட்டில் ஹெட்செட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், வெயிலில், மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு.

காணாமயா போகும். நல்ல தமிழ்தான். இந்த ஊர் மொழியில் எதைச் சொன்னாலும் வசனம் மாதிரி இருக்கும், அதனாலேயே நம்பக்கூடாது. எட்டாம் வகுப்புவரை நானும் இதில்தான் படித்தேன், விசை என்றும் உந்தம் என்றும் திருகுவிசை என்றும், பிறகு எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் மறுபடி படித்துவிட்டு இந்தச் சொற்களைப் பழைய சட்டை மாதிரி மடித்து வைத்துவிட்டேன், இங்கே திரும்பி வந்தபின் எடுத்துப் போட்டுப் பார்த்தால் கக்கத்தில் பிடிக்கிறது. ஏன் வந்தாய் என்று எல்லோரும் கேட்டார்கள், அப்பாவுக்கு முடியவில்லை என்றேன். அப்பா நன்றாகத்தான் இருந்தார், நான் வந்து ஏழு மாசம் கழித்து, தன்னை நோயாளி என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டேன் என்று கோபித்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். கன்சாஸில் ஒரு கிழவன் இருந்தான், டக் என்று பெயர், படிப்பு கிடையாது, விவசாய மருந்து தெளிக்கும் விமானம் ஓட்டிப் பழகி வந்தவன், சோதனை விமானி. நான் பின்னால் உட்கார்ந்து எண்களை எழுதுவேன். ஸ்டிக்கை இழுத்து வேகத்தைக் குறைத்து, எத்தனை கனம் என்று தராசு வைத்துப் பார்த்து, நான் எழுதி முடித்த பிறகும் அவன் விடமாட்டான். மெல்ல, ஒவ்வொரு விரலாக, ஸ்டிக்கிலிருந்து கையை எடுப்பான். எடுத்துவிட்டு இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டுவான், எனக்குத் தெரியட்டும் என்று. விமானம் தானாகப் பழைய வேகத்துக்குத் திரும்புகிறதா, முழுக்கத் திரும்புகிறதா, பாதியில் நின்றுவிடுகிறதா. அதுதான் சோதனை அட்டவணையில் ஏழாவது பத்தி. முதல் ஆறும் நாம் அதைக் கேட்பது, கடைசி ஒன்று மட்டும் அது நமக்குச் சொல்வது, என்பான், சொல்லிவிட்டு மெல்லும் புகையிலையை ஒரு காகிதக் கோப்பையில் துப்புவான். எனக்கு அருவருப்பாக இருக்கும். கணக்கில் வருவதை எதற்கு உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வேண்டும். ஒவ்வொரு புள்ளிக்கும் நாலு நிமிஷம், எரிபொருள் வீண், மதியச் சாப்பாடு தள்ளிப்போகும். ஒருநாள் சொல்லியே விட்டேன். டக் திரும்பிப் பார்க்கவில்லை. கப்பி இறுகியிருந்தாலும் ஸ்டிக் கனக்கும் பையா, என்றான். கையை எடுத்தால்தான் கனம் வாலிலிருந்து வருகிறதா கப்பியிலிருந்து வருகிறதா என்று தெரியும்.

தெரியும். எனக்குத் தெரியும். வாலை வெட்டுவதற்கு முன்னால், ஆனி மாசம், சோதனைப் பறப்பு, மதியம் பதினொன்றரை, கரிசல் கொதித்து எழும்பின காற்று விமானத்தை முறத்தில் போட்டுப் புடைத்தது. ஜெசிந்தா முன்னால், நான் பின்னால், மடியில் அட்டை, கையில் டிஜிட்டல் தராசு, பூதத்தான் மீன் நிறுக்கும் கொக்கித் தராசைக் கொண்டுவந்தபோது அதை இரண்டு விரலால் பிடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு மும்பையிலிருந்து நான் வரவழைத்த தராசு. இழுங்கள், பிடியுங்கள், ஒன்றரைக் கிலோ. எழுதினேன். இன்னும் இழுங்கள், ஒன்றே முக்கால். எழுதினேன். மூன்றாவது புள்ளியில் காலையில் தின்ற பொங்கல் தொண்டைக்கு வந்தது. நாலாவதில் வாந்தியெடுத்தேன், பையைத் திறக்க நேரமில்லாமல் பாதி அட்டையில், பாதி மடியில். முன்னால் அவள் திரும்பவேயில்லை, கண்ணாடியில் அவள் கண் தெரிந்தது, உடனே வேறு பக்கம் போய்விட்டது, அந்த மரியாதைதான் எனக்குத் தாங்கவில்லை. இருபத்திரண்டு வருஷ அனுபவம் மடியில் வழிந்துகொண்டிருந்தது. போதும், இறங்கலாம், எல்லாம் கிடைத்துவிட்டது, என்றேன். கிடைக்கவில்லை. கையை எடுங்கள் என்று ஒருதடவைகூட நான் சொல்லவில்லை. சாயங்காலம் குளித்துவிட்டு, மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து, ஏழாவது பத்தியை நான் எழுதினேன். கனம் இவ்வளவு இருந்தால் திரும்பும் வேகம் இவ்வளவு இருக்க வேண்டும். இருக்க வேண்டும் என்பதை இருந்தது என்று எழுதினேன். கணக்கில் தவறில்லை, இன்றைக்குப் போட்டாலும் அதே எண்தான் வரும். யாரும் கேட்கவில்லை. இங்கே யாருக்குக் கேட்கத் தெரியும், எழுத்து ஆங்கிலத்தில் இருந்தால் போதும், கீழே கையெழுத்து இருந்தால் போதும் என்கிற கூட்டம், இவர்களுக்கு அளந்து எழுதினாலென்ன அளக்காமல் எழுதினாலென்ன. இப்படித்தான் நினைத்தேன். வார்த்தைக்கு வார்த்தை இப்படியேதான், பல்லில் சிக்கின முருங்கைச் சக்கையை நாக்கு போய்ப் போய்த் தொடுவதுபோல மனசு இப்போது அங்கேயே போகிறது. ஒன்றரைக் கிலோவில் கப்பியின் பங்கு எவ்வளவு? தகடு எங்கே வைத்தாலும் அங்கேயே நின்றதே, இரண்டு வருஷமாக, தினமும் அதைக் கடந்து நடந்திருக்கிறேனே, காற்றில் அசையாத தகட்டைப் பார்த்து நல்ல கட்டுமானம் என்று ஒருநாள் மெச்சக்கூடச் செய்தேனே. அது தூசி. ஒரு கிலோ தூசி, ஒன்றேகால் கிலோ தூசி. அதை வாலின் பலம் என்று எழுதி, அந்தப் பலத்தில் மிச்சம் இருக்கிறது என்று வாலை இரண்டு சாண் வெட்டச் சொல்லி, வெட்டின பிறகும் தூசியே தகட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்ததால் ஒன்றும் தெரியாமல் பறந்து, நேற்று ஒரு பஸ் டிப்போ மெக்கானிக் சாமிக்குப் பயந்து அதைக் கழுவிவிட்டார். இப்போது தகடு தன்னிஷ்டம். வால் மேலே வாங்குகிற காற்றில் தகடும் சேர்ந்து ஒதுங்கிக்கொடுக்கும், இருந்த கொஞ்சநஞ்சப் பிடிமானத்தில் பாதி அங்கேயே போகும். காலையில் அவள் தனியாகப் போனாள், பின்சீட் காலி, எடை முன்னால், அப்படியிருந்தும் பிடியில்லை என்றாள். பின்சீட்டில் நூற்றுப்பன்னிரண்டு கிலோ ஏறினால்? ஓடுதளத்தைவிட்டு எழும்பும்போது மூக்கைக் கொஞ்சம் நிமிர்த்துவாள், மூக்கு நிற்காது, தள்ளுவாள், ஸ்டிக்கில் எதிர்ப்பே இருக்காது, எவ்வளவு தள்ளினோம் என்றே கைக்குத் தெரியாது, கூடத் தள்ளிவிடுவாள், பிறகு கூட இழுப்பாள், நூறு அடி உயரத்தில், மிளகாய் வாசனை வரும் உயரத்தில், சிறகு காற்றைக் கைவிடும். எட்டு விநாடியில் எல்லாம் முடிந்துவிடும். பந்தலில் எல்லோரும் செல்போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

தூரத்தில் ஹாரன். வந்துவிட்டார் வந்துவிட்டார் என்று மைக். தவில் தொடங்குகிறது. நான் எழுந்திருக்கவில்லை. எழுந்து என்ன சொல்ல, அறிக்கை தவறு என்றா, கணக்குத் தவறு என்று சொல்லலாம், கணக்குத் தவறினால் மன்னிப்பார்கள், யாருக்கும் நடக்கும், எண்ணெய் போட்டதால் மறுபடி சோதிக்க வேண்டும் என்று சொல்லலாம், அது உண்மையும்கூட, பூதத்தான்மேல் போய்விடும், நீர் ஏன்யா கேட்காமல் கழற்றினீர் என்று விஜயரங்கன் எல்லோர் முன்னாலும் அந்த மனிதரை வைவார், அவர் தலையைக் குனிந்துகொண்டு நிற்பார், நான் தொண்டையைச் செருமிக்கொண்டு சமாதானம் செய்வேன். எத்தனை அழகாக வருகிறது பார். எத்தனை சீக்கிரம் வருகிறது. அந்த வழி முழுக்கக் கண்ணுக்குத் தெரிந்தது, அதில் நான் சிரமமில்லாமல் நடந்துபோவதும் தெரிந்தது, அப்போதுதான் எழுந்தேன். கால் நாற்காலியில் தட்டி, நாற்காலி விழுந்து, முன்வரிசை திரும்பிப் பார்க்க, நான் வெயிலில் இறங்கி நடந்துகொண்டிருந்தேன். வாலருகே போய் அந்தத் தகட்டை ஒரு விரலால் தூக்கி விட்டேன். இறங்கியது, எதுவும் தடுக்காமல், ஒரு சத்தமும் இல்லாமல். பூதத்தான் ஓடிவந்தார். ஆடுதா சார், நான் வேணா அசையாம பின்னு குத்தி வைக்கவா, என்றார். வையுங்கள் என்றேன். ஜெசிந்தா முன்சீட்டிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தாள்.

“ஏழாவது பத்தி நான் அளக்கல ஜெசிந்தா. வீட்ல உக்காந்து எழுதினேன்.”

“தெரியும் சார். நாந்தானே முன்னால இருந்தேன். நீங்க கைய எடுக்கவே சொல்லலையே.” குரலில் கோபம்கூட இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

“தெரிஞ்சுமா இன்னிக்கு ஏறி உக்காந்தீங்க?”

“நான் மேல போகமாட்டேன் சார். சாவிய இன்னும் போடவே இல்ல. நீங்க எந்திரிச்சு வாறீங்களான்னுதான் பாத்துக்கிட்டிருந்தேன். வரலைன்னா வயித்துவலின்னு சொல்லி இறங்கியிருப்பேன்.” எழுந்து, ஹெட்செட்டைக் கழற்றி இருக்கையில் வைத்தாள். “நான் சொன்னா பொம்பளை பயந்துட்டான்னு முடிச்சிருவாங்க. நீங்க சொல்லுங்க.”

வயிற்றுவலி. நாளைக்கு வேறொரு விமானியைக் கூட்டிவருவார்கள், காலையில் தனியாக ஒரு வட்டம்கூடப் பறக்காதவனை, அதுவும் அவளுக்குத் தெரிந்துதான் இருக்கும், அதற்குத்தான் என்னையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள், மூன்றாவது வரிசையில் நானும் என் தகடும். பந்தல்வரை நாற்பது தப்படி. தாம்பாளம் மேடையோரம் இருந்தது, இன்றைக்குப் பிரிக்கலாம், பிரிக்க வேண்டிய நாளே இன்றுதான், சந்தனம் காய்ந்து முதல் தாள் ஒட்டிக்கொண்டிருந்தது, கிழித்துத்தான் எடுக்க முடிந்தது. ஏழாவது பத்திமேல் குறுக்காகக் கோடு போட்டு, ஓரத்தில் அளக்கவில்லை என்று எழுதினேன், தமிழில், இங்கே எல்லோரும் படிக்கட்டும் என்று. கீழே என் கையெழுத்தையும் அடித்தேன். வேலாயுதசாமி மாலையோடு நின்றிருந்தார், நினைத்ததைவிடக் குட்டை, நினைத்ததைவிட வயசு, கையில் ஒரு சின்னப் பை, மேலே போனால் குமட்டும் என்று யாரோ சொல்லி எலுமிச்சம்பழமும் வாந்திப் பையும் கொண்டுவந்திருந்தார். அந்தப் பையை நான் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்துவிட்டேன். விஜயரங்கன் தாளை வாங்கிப் படித்தார். நல்ல நாளும் அதுவுமா என்ன சார் இது, என்றார் மெல்ல. சொன்னேன். கப்பி, தூசி, வெட்டின வால், பின்பாரம், எல்லாம் அவருக்கு உடனே புரிந்தது, லாரிக்காரருக்குப் பின்பாரம் புரியாமலிருக்குமா, ஒரு வரியில் புரிந்தது, மூன்று வருஷத்தில் நான் சொல்லிப்பார்க்காத ஒரு வரி. “அளக்காமயா எழுதுனீங்க? நீங்களா?” என்றார்.

பிறகு என்னைப் பார்த்தார். உதடு இலேசாக ஒருபக்கம் இழுத்துக்கொள்ள, கண் பாதி மூட, இதற்குமேல் இந்த ஆளிடம் என்ன என்கிற அந்தப் பார்வை. எனக்கு நன்றாகத் தெரியும் அதை. பட்டறையில், மேடையில், பூஜைத் தாம்பாளத்தின்மேல், மீன் தராசின்மேல், காலை ஆறரைக்கு ஒரு பெண்ணின்மேல், மூன்று வருஷமாக நான் மாட்டிக்கொண்டு திரிந்த முகம். அது வெளியேயிருந்து எப்படியிருக்கும் என்று பார்த்ததில்லை. நன்றாகத்தான் இருக்கிறது, குறைசொல்ல ஒன்றுமில்லை. தவில்காரர் நிறுத்துவதா வேண்டாமா என்று தெரியாமல் ஒற்றைக் கையால் தட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு அப்பால் பூதத்தான் வால்சிறகின் தகட்டைச் சமமாகப் பிடித்துக்கொண்டு பின்னைக் குத்தினார். குத்திவிட்டு, நின்றுவிட்டதா என்று பார்க்க, கையை எடுத்தார்.